அக்ரெட்சுகோ அடுத்த சீசனுக்குப் போறதா, வேற ஆபீஸ் அனிமேக்குத் தாவறதா?

போன வாரம் சித்தி பொண்ணு ராத்திரி பதினொன்னரைக்கு மெசேஜ் போட்டா, "அக்கா, அக்ரெட்சுகோ முதல் சீசன் முடிச்சிட்டேன், அடுத்த சீசன் போடவா இல்ல வேற ஏதாவது பாக்கவா, ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கெடைக்குது"ன்னு. அக்ரெட்சுகோன்னா ஆபீஸ்ல வேலை பாக்கற ஒரு பொண்ணைப் பத்தின அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ். அவ வேலைக்குச் சேந்து நாலு மாசம்தான் ஆகுது, அதுவும் அக்கவுண்ட்ஸ்ல. நானும் அதே அக்கவுண்ட்ஸ்ல எட்டு வருஷமா இருக்கறவ, அதனால அவ எந்த மாதிரி நாளை முடிச்சிட்டு வந்து அந்த அரை மணி நேரத்தைத் தேடறான்னு எனக்கு நல்லாவே தெரியும். பதில் டைப் பண்ண ஆரம்பிச்சா அது போயிட்டே இருந்துச்சு, இதே கேள்வியோட இன்னும் நெறைய பேர் இருப்பாங்கன்னு தோணுச்சு, சரின்னு இங்கயே முழுசா எழுதிடறேன். கதை கொஞ்சம் வெளிய வரும், ஆனா முடிவுகளைப் போட்டு உடைக்க மாட்டேன்.

முதல்ல கணக்கு. அக்ரெட்சுகோ மொத்தம் 5 சீசன், ஒவ்வொண்ணும் 10 எபிசோட், ஒரு எபிசோட் கால் மணி நேரம். அப்போ ஒரு சீசன் ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிடும், தினம் ரெண்டு எபிசோட்னா அஞ்சே நாள். மத்த அனிமே பெரும்பாலும் ஒரு எபிசோட் 24 நிமிஷம், 12 எபிசோட் இருக்கும், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அரை மணி நேரம்தான் கெடைக்குதுன்னா இந்த வித்தியாசம் சாதாரணமில்ல, ஏன்னா கால் மணி நேர எபிசோட் ஒண்ணைப் பாத்துட்டு தூக்கம் வந்தா தூங்கிடலாம், 24 நிமிஷத்தை பாதியில விட்டா மறுநாள் எங்க விட்டோம்னு தேடணும்.

முதல் சீசன் ஏன் அவளை அப்படிப் பிடிச்சு இழுத்துச்சுன்னு சொல்லணும், அது தெரிஞ்சாதான் அடுத்தது எதுன்னு முடிவு பண்ண முடியும். ஹலோ கிட்டியைக் கொண்டு வந்த அதே சான்ரியோ கம்பெனியோட கேரக்டர்தான் ரெட்சுகோ, 25 வயசு சிவப்பு பாண்டா, ஒரு கம்பெனி அக்கவுண்டிங் டிபார்ட்மெண்ட்ல உக்காந்திருக்கா. மொதல்ல ஜப்பான் டிவியில ஒரு நிமிஷத் துண்டு துண்டாத்தான் வந்துச்சு, 2018 ஏப்ரல்ல நெட்ஃபிளிக்ஸ்ல முழு சீரிஸா வந்துச்சு, ஃபேன்வொர்க்ஸ் ஸ்டூடியோ, டைரக்டர் ரரெகோ. வீட்டுக்குக் கிளம்பற நேரம் பாத்து மேனேஜர் டோன், அவர் ஒரு பன்னி, கட்டு பேப்பரைக் கொண்டு வந்து மேசையில வைப்பாரு, இவ "சரிங்க சார்"னு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவா, அப்புறம் தனியா கரோக்கி ரூம் எடுத்து மைக்கைப் பிடிச்சு டெத் மெட்டல்ல, அதாவது தொண்டை கிழியக் கத்திப் பாடற முரட்டு ராக் பாட்டுல, கத்தித் தீத்துடுவா. அந்த நேரத்துல நெத்தியில அவ பேர்ல இருக்கற அந்த எழுத்து, உக்கிரம்னு அர்த்தம் வரும், அது தெரியும், கண்ணே வேற கண்ணாயிடும். கத்தற குரல் டைரக்டர் ரரெகோவோடதேதான்.

எனக்கு அதுல நெஞ்சுல தைச்சது கத்தறது இல்ல. மேனேஜர் இவளை "கொஷிகாகே"ன்னு கூப்பிடறது. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போறவன்னு அர்த்தம், கல்யாணம் ஆகற வரைக்கும் பொழுதுபோக்க வேலைக்கு வந்த பொண்ணுன்னு ஜப்பான் ஆபீஸ்ல பொம்பளைங்களைச் சொல்ற பழைய வார்த்தை. நான் முதல்ல வேலை பாத்த எடத்துல என் சீனியர் ஒருத்தர், ஒரு பேங்க் ரீகன்சிலியேஷன்ல, அதாவது பேங்க் கணக்கும் எங்க கணக்கும் ஒத்துப்போகுதான்னு பாக்கற வேலையில, நான் தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னதுக்கு, "நீ எப்படியும் ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ணிட்டுப் போகப்போற, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்"னு சொன்னாரு. ஜப்பான்காரங்க அதுக்கு ஒரு வார்த்தையே வச்சிருக்காங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கு எபிசோடை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

அதனால என்னோட அளவுகோல் இதுதான். ஆபீஸ் அனிமேயில புது சீசன் வந்தா, அந்த மேசை இன்னும் கதைக்குள்ள இருக்கான்னு பாப்பேன். வேலைங்கறது நெஜமாவே கதையில இருக்கா, இல்ல கேரக்டருங்க சேர்றதுக்கு ஒரு கூரை மாதிரி மட்டும் இருக்கா. அதை வச்சுத்தான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறேன்.

அக்ரெட்சுகோ ரெண்டாவது சீசன், 2019 ஜூன். யோசிக்கவே வேண்டாம், உடனே போடலாம். புதுசா அனாய்னு ஒரு பையன் சேருவான், ரெட்சுகோதான் அவனுக்கு வேலை சொல்லிக் குடுக்கணும். இவ என்ன சொன்னாலும் அவனுக்கு அது மிரட்டலாத் தெரியும், எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்குவான், ராத்திரி நேரத்துல விறைப்பா மெயில் மேல மெயில் வரும், ஒவ்வொண்ணும் வருங்காலத்துக்கு ஆதாரம் மாதிரி எழுதியிருப்பான். பெரிய டோனே அவன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிப்பாரு. இதுல என்னை ஆச்சரியப்படுத்தினது அந்த நேரம், ஜப்பான்ல மேலதிகாரி கொடுமையைத் தடுக்கற சட்டம் பார்லிமெண்ட்ல பாஸானது 2019 மே மாசம், இந்த சீசன் வந்தது அடுத்த மாசம். அந்தச் சட்டம் பெரிய கம்பெனிக்கு 2020 ஜூன்லயும் சின்னக் கம்பெனிக்கு 2022 ஏப்ரல்லயும்தான் அமலாச்சு. அங்க ஊரே "பவஹரா"ங்கற வார்த்தையை, மேலதிகாரி கொடுமைக்கு அவங்க சொல்ற பேர் அது, பேசிட்டு இருந்த நேரத்துல, அந்த வார்த்தையை ஒரு பயந்த பையன் கவசமா மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும்னு காட்டியிருக்காங்க. அவனைக் கெட்டவனாக் காட்டல, அதுதான் பெரிய விஷயம். வாயாடின்னு முதல் சீசன்ல நாம தள்ளி வச்ச கபாயே அம்மா, நீர்யானை, அவங்கதான் அவன்கிட்ட பக்குவமா பேசி அவன் பயத்தை எறக்கி வைப்பாங்க. ஆபீஸ்ல யாரு நம்மளைக் காப்பாத்துவாங்கன்னு நாம நெனைக்கறதும் கடைசியில யாரு காப்பாத்தறாங்கங்கறதும் வேற வேறன்னு நாலு மாச அனுபவத்துல தெரியாது, இந்த சீசன் அதைச் சொல்லிக் குடுக்கும். கூடவே ரெட்சுகோவோட அம்மா வீட்டுக்கே வந்து வரன் பாக்கற கூத்து ஒண்ணு இருக்கு, அதை நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு வெளக்கவே வேண்டாம். பின்பாதி டடானோன்ற பெரிய பணக்காரனோட காதல், அது எனக்கு முன்பாதி அளவுக்கு ஒட்டல, ஆனா கல்யாணம் வேணுமா வேண்டாமான்னு ரெண்டு பேரும் பேசற பேச்சு நேர்மையா இருக்கும்.

மூணாவது சீசன், 2020 ஆகஸ்ட். இங்கதான் மேசை கதையை விட்டு வெளிய போகுது. காசு கட்டி விளையாடற பொய்க் காதலன் கேம்ல காசை விடறா, ஒரு காரை இடிச்சிடறா, அந்தக் கடனை அடைக்க ஒரு சின்னப் பாட்டுக்காரப் பொண்ணுங்க குழுவுக்குக் கணக்கு பாக்கப் போயி அங்கயே மேடையேறிடறா. ஆரம்ப எபிசோடுகள் நல்லா இருக்கும், ஏன்னா அங்கயும் அவ ரசீது எல்லாம் சரிபாத்து செலவை அடுக்கற ஆளாத்தான் போறா. கடைசிப் பக்கம் ரொம்ப கனமாயிடும், ஒரு ரசிகன் வெறிபிடிச்சுத் துரத்தற பகுதி வருது, தனியா வீட்டுக்கு நடந்து வர்ற பொண்ணுங்க அதை ராத்திரி பாக்க வேண்டாம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாருங்க. சிரிக்கலாம்னு வந்து உக்காந்தா மனசு கெட்டுப் போயிடும்.

ஆனா மூணைத் தாண்டினாதான் நாலு வரும், நாலு எனக்கு அஞ்சுலயும் ஒசத்தி. 2021 டிசம்பர்ல வந்துச்சு. நெறைய பேருக்கு இது புடிக்கல, நான் மாறுபடறேன். கம்பெனிக்கு ஹிமுரோன்னு புது தலைவர் வர்றாரு, துருவக்கரடி, வந்த உடனே செலவைக் குறைக்கணும், ஆளைக் குறைக்கணும்னு ஆரம்பிக்கறாரு, மூணு சீசனா நாம திட்டிட்டு இருந்த டோனோட நாற்காலியே ஆடுது. ரெட்சுகோவைச் சுத்திச் சுத்தி வந்த ஹைடா, கழுதைப்புலி, நல்ல பையன், அவனைத் தூக்கி மேல வைக்கறாரு. மேல போனவன்கிட்ட நம்பரை அழகாக் காட்டணும்னு எதிர்பாக்கறாங்க, அவனும் கணக்கைத் திருத்த ஆரம்பிக்கறான். அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு இது எந்தப் பேய்ப்படத்தை விடவும் பயங்கரம். யாரும் வந்து "நீ பொய்க்கணக்கு எழுது"ன்னு சொல்றதில்ல. "இதை அடுத்த மாசத்துல காட்டிக்கலாமே"ன்னுதான் ஆரம்பிக்கும். எங்க ஆபீஸ்ல ஒரு மார்ச் 31 ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு செலவு பில்லைக் கையில வச்சுக்கிட்டு "இது ஏப்ரல்ல வந்த பில்லுன்னு வச்சுக்கலாமா"ன்னு என்னை ஒருத்தர் கேட்டாரு, சிரிச்சுக்கிட்டே, டீ வாங்கிக் குடுத்துக்கிட்டே கேட்டாரு. நான் முடியாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் ஒரு மாசம் என்கிட்ட அவர் பேசல. ஹைடா மூஞ்சியில அந்த "ஒரே ஒரு தடவைதானே" பார்வையைப் பாத்தப்போ எனக்குக் கை சில்லுனு ஆயிடுச்சு. காமெடி கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு கார்ட்டூன், கணக்குப் புத்தகத்துல இருக்கற நேர்மையை இவ்வளவு தீவிரமா எடுத்துக்கிட்டு நான் வேற எங்கயும் பாக்கல.

அஞ்சாவது, 2023 பிப்ரவரி, கடைசி சீசன். ஹைடா வேலையில்லாம நெட் கஃபேல நாள் கணக்கா தங்கறது, ஜப்பான்ல நெஜமாவே வீடில்லாதவங்க அப்படித் தங்கறாங்க, அந்த முதல் பகுதி நல்லா இருக்கு. அப்புறம் ரெட்சுகோ தேர்தல்ல நிக்கறா. நோக்கம் நல்லதுதான், இளசுங்க கோபத்தை யாரும் கேக்கறதில்லன்ற பேச்சு, ஆனா 10 எபிசோட்ல அவ்வளவையும் அடைச்சதுல எதுவும் ஆற அமர நிக்கல. அவங்க ரெண்டு பேரும் என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா பாருங்க, ஆபீஸுக்காகன்னா வேண்டாம்.

இப்போ வேற பக்கம். உங்களுக்கு ஆபீஸ்ல கோபம் இல்ல, களைப்பு மட்டும்தான்னா, "மை சென்பாய் இஸ் அனாயிங்" போடுங்க, சென்பாய்னா சீனியர். 2021 அக்டோபர்ல வந்துச்சு, டோகா கோபோ ஸ்டூடியோ, 12 எபிசோட். ஃபுடாபா இகராஷி, குள்ளமா இருப்பா, பாக்கறவங்க எல்லாம் ஸ்கூல் பொண்ணுன்னு நெனைச்சுக்குவாங்க, அவளோட சீனியர் டகேடா மலை மாதிரி ஆளு, சத்தமா சிரிப்பாரு, இவ தலையைத் தட்டுவாரு, இவளுக்கு எரிச்சல் வரும். ஆனா இவ செஞ்ச தப்புக்கு முன்னாடி நின்னு அவரு தலை குனிஞ்சு மன்னிப்பு கேப்பாரு. டோனுக்கு நேர் எதிர் ஆளு. பெரிய கதைன்னு ஒண்ணும் கெடையாது, மழை, சேந்து சாப்பிடறது, தாத்தா ஊர்லேந்து வர்றது, பக்கத்து மேசையில கஸாமாவும் சகுராயும் மெதுவா ஒருத்தரை ஒருத்தர் நெருங்கறது, அவ்வளவுதான். வேலை என்ன வேலைன்னு ஆழமா காட்ட மாட்டாங்க, என் அளவுகோல்ல பாத்தா இது பாதி மார்க்குதான் வாங்கும், ஆனாலும் மந்த் எண்ட் குளோசிங், அதாவது மாசக் கணக்கை முடிக்கற வாரத்துல நான் போடறது இதைத்தான். நல்ல சீனியர்னு ஒரு ஆள் உலகத்துல இருக்க முடியும்னு காட்டறது, அந்த வாரத்துல மருந்து.

"வோட்டகோய்" 2018ல வந்தது, 11 எபிசோட், அக்ரெட்சுகோ முதல் சீசன் வந்த அதே ஏப்ரல். நருமி புது ஆபீஸ்ல சேர்ற முதல் நாளே சின்ன வயசு ஃபிரெண்ட் ஹிரோடகாவைப் பாத்துடறா, ரெண்டு பேருமே அனிமே, கேம் பைத்தியம், நருமி அதை ஆபீஸ்ல மறைச்சு வச்சிருக்கறவ. சிரிப்பு ஜாஸ்தி, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா கதை ஆபீஸ் முடிஞ்சு ஆறு மணிக்கு மேலதான் ஆரம்பிக்குது. வேலையைப் பத்தி எதுவும் வேண்டாம், அதை மறக்கணும்னு இருக்கறவங்களுக்கு இது. டிவியில ரெண்டாவது சீசன் வரவே இல்ல, தனி எபிசோட் மூணு மட்டும் வந்துச்சு, அதனால அடுத்து அடுத்துன்னு தேடாதீங்க.

இதுக்கும் அக்ரெட்சுகோவுக்கும் நடுவுல நிக்கறது "நியூ கேம்". இதுலதான் ரெண்டாவது சீசன் முதல் சீசனை ஜெயிக்குது. 2016ல முதல் சீசன், 2017ல ரெண்டாவது, ரெண்டும் 12 எபிசோட், இதுவும் டோகா கோபோதான். ஸ்கூல் முடிச்ச கையோட அஓபா ஈகிள் ஜம்ப்ன்ற கேம் கம்பெனியில சேர்றா, அவ சின்ன வயசுல உயிரா விளையாடின கேமுக்கு கேரக்டர் வரைஞ்ச யாகாமி கோதான் அவ சீனியர். முதல் சீசன் இனிப்பா இருக்கும், கேக் சாப்பிடறது, ராத்திரி ஆபீஸ்லயே தூங்கறது இப்படி. ரெண்டாவது சீசன்ல ஒரு இடம் வருது, அதுக்காகத்தான் இதை இந்தப் பட்டியல்லயே வச்சேன். புது கேமுக்கு அஓபா வரைஞ்ச கேரக்டர் தேர்வாகுது, ஆனா முன்னட்டைப் படத்தை யாகாமி கோதான் வரையணும்னு கேமை வெளியிடற கம்பெனி சொல்லிடுது, ஏன்னா அவங்க பேர் இருந்தாத்தான் விக்கும். அஓபா அழல, சண்டையும் போடல. முடிவு தெரிஞ்சும் "நானும் போட்டிக்கு வரைஞ்சு பாக்கறேனே"ன்னு கேக்கறா. தோக்கப்போறோம்னு தெரிஞ்சே ராத்திரி முழுக்க உக்காந்து வரையறா. நான் ஒரு வருஷம் தயார் பண்ணின ஒரு அறிக்கை வேற பேர்ல மேல போனப்போ எனக்கு அந்தத் தைரியம் வரல, அதனாலயோ என்னவோ அந்தக் காட்சியை மூணு தடவை பாத்திருக்கேன். வேலைக்குப் புதுசு, வேலை புடிச்சிருக்கு, ஆனா நமக்கு வருமான்னு பயமா இருக்குன்னா இதைத்தான் பாக்கணும், அக்ரெட்சுகோவை இல்ல.

அரசாங்க ஆபீஸ் வேணும்னா "சர்வெண்ட் எக்ஸ் சர்வீஸ்", 2013, 13 எபிசோட். ஹொக்கைடோ பக்கம் ஒரு வார்டு ஆபீஸ் கவுண்டர். லூசின்ற பொண்ணுக்கு அப்பா அம்மா ஆசைப்பட்டு ஒரு ரயில் நீளத்துக்குப் பேர் வச்சிருக்காங்க, அந்தப் பேரைப் பதிவுல ஏத்தின ஆபீஸரைக் கண்டுபிடிச்சு நாலு வார்த்தை கேக்கணும்னே அரசாங்க வேலைக்கு வந்தவ அவ. செக்‌ஷன் தலைவர் நேர்ல வராம ஒரு முயல் பொம்மை வழியாப் பேசுவாரு. கவுண்டருக்கு வர்ற பாட்டிங்க மணிக்கணக்கா பேசறதைப் புதுசா சேந்தவங்க எப்படிக் கேட்டு சமாளிக்கறாங்கன்ற பகுதி அவ்வளவு உண்மை. ஆளுங்களை நேர்ல பாத்து வேலை செய்யறவங்களுக்கு இது போதும்.

"மிஸ் கோபயாஷிஸ் டிராகன் மெய்ட்" ரெண்டாவது சீசனைப் பத்தியும் கேப்பாங்க, 2021 ஜூலை. கோபயாஷி சிஸ்டம் எஞ்சினியர், முதுகுவலி, குடிச்சா நல்லா பேசுவாங்க, வீட்ல ஒரு டிராகன் வேலைக்காரியா வந்து உக்காந்திருக்கு. இதுல கதை வீட்லதான், ஆபீஸ்ல கொஞ்சம்தான், சின்னப் பசங்களை வச்சு வர்ற சில ஜோக் எனக்கு சுத்தமா ஒத்துக்கல, வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்க முடியாது. ஆனா இந்த சீசன் வந்ததே ஒரு பெரிய விஷயம். 2019 ஜூலை 18ல கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு ஒருத்தன் தீ வச்சதுல 36 பேர் இறந்து போனாங்க, முதல் சீசன் டைரக்டர் டகேமோட்டோ யசுஹிரோவும் அதுல ஒருத்தர். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஸ்டூடியோ டிவிக்குப் பண்ணின முதல் சீரிஸ் இதுதான், இஷிஹாரா டட்சுயா டைரக்ட் பண்ணினாரு, டகேமோட்டோ பேரையும் டைட்டில்ல வச்சிருக்காங்க. அந்தப் பேர் ஓடற நொடியில நான் எப்பவும் ஃபோனைக் கீழ வச்சிடுவேன்.

கடைசியா "ஷிரோபாகோ". 2014 அக்டோபர்லேந்து 2015 மார்ச் வரைக்கும் வந்தது, 24 எபிசோட், ஒன்பதரை மணி நேரம். அனிமே தயாரிக்கற ஆபீஸைப் பத்தின அனிமே. மியாமோரி ராத்திரி காரை ஓட்டிட்டு வரையறவங்க வீடு வீடாப் போயி தாள்களை வாங்கிட்டு வருவா, எந்தக் காட்சி யார்கிட்ட எத்தனை நாளா தங்கியிருக்குன்னு கையில ஒரு அட்டவணை, ஒருத்தர் சொதப்பினா பத்து பேரோட தூக்கம் போயிடும். எல்லாத்தையும் விட மேசை வேலையை முழுசாக் காட்டறது இதுதான், என் அளவுகோல்ல முதல் இடம் இதுக்குத்தான். ஆனா கேரக்டர் பேர் அம்பது அறுபது வரும், ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு பாத்தா யார் யாருன்னே மறந்துடும். ரெண்டு நாள் சேந்தாப்ல லீவு கெடைக்கும்போது எடுத்து வச்சுக்க வேண்டியது. இருபத்தி மூணாவது எபிசோட் முடியற இடத்துல, எதுவுமே கெடைக்காம காத்துக்கிட்டே இருந்த ஒரு தோழிக்காக மியாமோரி அழற அழுகை, அதுவரைக்கும் பாத்த 22 எபிசோடுக்கும் சேத்து வர்றது, நடுவுல எதையும் தாண்டிப் பாத்தா அது கெடைக்காது.

அவளுக்கு நான் சொன்னது இப்படி. வேலைநாள் ராத்திரிக்கு அக்ரெட்சுகோ ரெண்டாவது சீசன், தினம் ரெண்டு எபிசோட், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். அடுத்த வாரம் மந்த் எண்ட், அதுல புதுசா எதுவும் வேண்டாம், மை சென்பாய் மட்டும், தினம் ஒண்ணு. அதுக்கு அப்புறம் மூணாவது சீசனை ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல மொத்தமா முடிச்சிட்டு நாலாவதுக்குப் போ, நாலாவதை மட்டும் என்கூட ஃபோன்ல பேசிக்கிட்டே பாரு, எனக்கு அதைப் பத்தி உன்கிட்ட சொல்ல வேண்டியது நெறைய இருக்கு. நியூ கேமை இப்போ எடுக்காத, உன்னோட முதல் பெரிய வேலை கையை விட்டுப் போற அன்னிக்கு எடு. அஞ்சாவது சீசன் உன் இஷ்டம்.

நேத்து ராத்திரி மறுபடி மெசேஜ் வந்துச்சு. "அக்கா, அனாய் எபிசோட் எல்லாம் முடிச்சிட்டேன். எங்க ஆபீஸ்ல ஸ்டோர்ஸ் பாக்கற அம்மா தினமும் சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேக்கறாங்க, நான் சரியா பதிலே சொன்னதில்ல. நாளைக்கு அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடலாம்னு இருக்கேன்."